‘வேறு யாரும் இல்லை’ என்று முடிக்கும் ஆசிரியருக்கு

அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் மாத இதழை நடத்துபவரும், தினமும் காலை ஏழு மணிக்கு அலைவரிசையில் உறுப்பினர்களைக் கூட்டி ஒவ்வொருவராகப் பேச அழைப்பவருமான மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்த உறுப்பினன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் உடம்பும் தங்கள் ஆண்டெனாவும் குறைவின்றி இருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் குரல் தினமும் என் அறைக்குத் தெளிவாக வந்து சேர்வதால் இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. என் நலத்தைத் தாங்கள் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சென்ற இதழில் தாங்கள் எழுதிய ‘அலைவரிசையில் நன்னடத்தை: பன்னிரண்டு விதிகள்’ என்ற கட்டுரையைக் கத்தரித்து, செட்டுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பேசும் முன் கேள். உரிமத்தில் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல். அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழாதே. ஒவ்வொரு முறை பேசி முடித்த பிறகும் மூன்று நொடி இடைவெளி விடு, அவசரத்தில் இருக்கிற யாராவது உள்ளே வரட்டும். அரசியல், மதம், வியாபாரம் பேசாதே. உரிமம் இல்லாதவரோடு பேசாதே. பேசியவரைப் பதிவேட்டில் எழுது. பன்னிரண்டையும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன். அதன் பலன், நாற்பத்தோரு நாளாக அலைவரிசையில் ஒரு மனிதர்கூட என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் இதற்கு ஒரு விளக்கம் கிடைக்காவிட்டால் உரிமத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, செட்டைத் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

முதல் நாள் நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும், அல்லது இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு பேசினேன், அவ்வளவு பயம். புதிய நிலையம் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னீர்கள். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன், செட் நானே சாமான் வாங்கிச் சேர்த்தது, கேட்பதற்குத் தனியாக ஒரு பழைய ரிசீவர், அதற்கு ஜன்னலில் ஒரு சின்னக் கம்பி, வேலை வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் போனில் பதில் சொல்வது என்றேன். உடனே நம் தலைவர், அந்த மில் முதலாளி, உள்ளே வந்தார். “அப்படியா தம்பி? நம்ம வீட்டு மெஷின் ஒரு மாசமா ரயில் மாதிரி சத்தம் போடுது. யார்கிட்ட சொல்லணும்?” என்றார். நான் மூன்று நொடி விட்டு, “ஐயா, வியாபார விஷயம் அலைவரிசையில் பேசக் கூடாது, ஏழாவது விதி” என்றேன். அதற்கு மேல் ஒரு மூன்று நொடி, அப்புறம் இன்னும் ஒரு மூன்று நொடி. தலைவர், “உங்க குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கு, சரி பண்ணிக்கங்க” என்று சொல்லிவிட்டு நம் சங்கத்து டாக்டர் அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

கரகரப்பு உண்மைதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைவரின் செட்டில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல் இருக்கிறதே, அதை யாராவது அவரிடம் சொன்னதுண்டா? ஒவ்வொரு காலையும் அவருக்கு எல்லோரும் ஐம்பத்தொன்பது கொடுக்கிறீர்கள். தெளிவுக்கு ஐந்துக்கு ஐந்து, வலிமைக்கு ஒன்பதுக்கு ஒன்பது, முழு மதிப்பெண். நம் உறுப்பினர் எஸ்டேட்காரர் ஒரு நாள் “ஐம்பத்தொன்பது, அருமை” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே “கடைசியில என்ன சொன்னீங்க தலைவரே, பிடிபடலை” என்று கேட்டார். பிடிபடாத பேச்சுக்கு ஐந்துக்கு ஐந்து. சொந்தக் கட்டடமும் அறுபது அடிக் கோபுரமும் இருக்கிறவருக்கு உறுமலும் அருமை. ஒற்றை அறைக்காரனுக்குக் கரகரப்பு. இதற்குப் பெயர் நன்னடத்தை என்றால் அதையும் விதியாகவே அச்சடித்துவிடலாம், பதின்மூன்றாவதாக.

அன்று எனக்கு வார விடுமுறை. மத்தியானமே கரகரப்பைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நாலாவது விதி என்ன சொல்கிறது? செட்டைச் சோதிப்பவன் ஆண்டெனாவில் “ஹலோ, ஹலோ” என்று கத்தி மற்றவர் உயிரை வாங்கக் கூடாது. ஒரு பல்பை மாட்டிச் சோதிக்க வேண்டும். சக்தி எல்லாம் பல்பிலேயே எரிந்து தீரும், அறையை விட்டு வெளியே போகாது. அப்படியே செய்தேன். ஒரு குமிழைத் திருப்பினால் பல்பு, மறுபக்கம் திருப்பினால் மாடிக் கம்பி. சோதித்து முடிக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் கதவைத் தட்டியதில் கை பதறிக் குமிழ் கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. தேடி எடுத்து, துடைத்து, திருப்பி மாட்டி, அம்புக்குறியை மாடிக் கம்பிக்கு நேராக வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். கரகரப்பு போய்விட்டது. இன்றுவரை நான் பேசும்போதெல்லாம் மேஜை மேல் அந்தப் பல்பும் கூடவே பளிச்சென்று எரிகிறது. செட்டில் சக்திக்குக் குறைவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உண்மையைச் சொன்னால், நான் வாயைத் திறந்தால் முகம் மலர்கிற ஒரே பொருள் இந்த ஊரில் அதுதான்.

வீட்டுக்காரர் வந்தது மாடிக் கம்பி விஷயமாக. கம்பியை நான் கட்டினேன், அனுமதியோடுதான். ஆனால் வீட்டுக்கார அம்மா அதைத் துணி காயப்போடுகிற கொடி என்று முடிவு செய்துவிட்டார். பெட்ஷீட், மெத்தை உறை, கம்பளி எல்லாம் ஏறிவிட்டது. “அம்மா, இது ஆண்டெனா, இதுல ஈரத்துணி போடக் கூடாது” என்றேன். “நீ பாட்டுக்குப் பேசு தம்பி, நான் பாட்டுக்குக் காயப்போடுறேன். காத்து ரெண்டு பேருக்கும் பொதுதானே” என்றார். பதில் சொல்ல வாயெடுத்து, வழக்கப்படி மூன்று நொடி விட்டேன். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். இந்த மூன்று நொடியால் நான் பட்டது கொஞ்சமில்லை ஐயா. ஆபீஸில் ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் கூப்பிடுகிறார்கள். நூற்றிருபது பேரும் மெஷினைத் திட்டத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் மெஷினுக்குக் காது இல்லாததால் என்னைத் திட்டுகிறார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, கம்பெனி கொடுத்த பெயரைத்தான் சொல்ல வேண்டும். அதனால் திட்டு வேறு யாருக்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு மூன்று நொடி விட ஆரம்பித்தேன். லைன் போய்விட்டது என்று நினைத்துப் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாவிடம், “தண்ணீர்க் குழாயை மூடிவிட்டீர்களா, ஓவர்” என்று கேட்டுவிட்டேன். “எதுக்குப்பா ஓவர்? நான் என்ன ஓவரா பேசிட்டேன்?” என்று அந்த அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் சூப்பர்வைசர் எல்லா அழைப்பையும் ஒட்டுக் கேட்கிறவர். அது அவர் வேலை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஏன்டா, கஸ்டமர் பேசி முடிச்சப்புறம் நீ என்ன தியானம் பண்றியா?”

“இல்ல சார். வேற யாராவது அவசரமா உள்ள வரணும்னா வழி விடுறேன்.”

“யாரு வருவா? இந்த லைன்ல நீயும் அவங்களும் மட்டும்தானே இருக்கீங்க?”

“நீங்களும் இருக்கீங்க சார். ஒட்டுக் கேக்குறீங்கல்ல. சும்மா கேட்டுட்டே இருக்கிறதுக்குப் பதிலா ஒரு வார்த்தை உள்ள வந்து பேசலாம்னு.”

அதற்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன். ஆனால் ஐயா, அங்கே நான் நாள் முழுக்கப் பேசுகிறேன், ஒருவர்கூட என்னோடு பேசவில்லை. அதனால்தான் இந்தச் செட்டைச் செய்தேன். வேறு எதற்கு? நாலு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விரலைச் சுட்டுக்கொண்டு, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி. எனக்கென்று உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி. அதைச் சொன்னால் யாரோ ஒருவர் திரும்பச் சொல்வார் என்று.

இப்போது கீழ்வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அக்கம்பக்கத்தாரின் புகாரைப் பணிவோடு கேட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது பத்தாவது விதி. என் அறைக்கு நேர்க்கீழே உடற்பயிற்சி டீச்சர் ஒருவர் காலை ஏழு மணிக்கு வகுப்பு நடத்துகிறார். வருவது பதினொரு பெண்கள், முக்கால்வாசிப் பேர் மூட்டுவலிக்காரர்கள். ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவார். அந்த ஸ்பீக்கரும் என் மேஜையும் ஒரே சுவரோரம், மேலும் கீழும். இரண்டாம் நாளே டீச்சர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

“தம்பி, நீங்கதானா அது? பாட்டு நடுவுல உங்க குரல் வருது. ‘யாராவது கேட்கிறீர்களா, யாராவது கேட்கிறீர்களா’ன்னு. எல்லாரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறோம், பக்குனு ஆயிடுச்சு.”

“மன்னிச்சிடுங்க டீச்சர். சரி பண்றேன்.”

“பக்கத்து மாடியில இருந்து வர்ற பாங்க் அம்மா தூக்குன கையை இறக்காமலே ‘கேக்குதுப்பா, சொல்லு’ன்னுட்டாங்க. நீங்க பாட்டுக்கு மறுபடியும் ‘யாராவது இருக்கிறீர்களா’ன்னு கேக்குறீங்க. அவங்க ‘இருக்கோம், இருக்கோம்’னு கத்துறாங்க. வகுப்பே சிரிச்சுப் படுத்துடுச்சு.”

ஸ்பீக்கர் ஒயரில் என்னென்னவோ சுற்றிப் பார்த்தேன். குரல் நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே போய் மறுபடி மன்னிப்புக் கேட்டபோது டீச்சர், “விடுங்க தம்பி. ஏழே காலுக்கு நாங்க மூச்சுப் பயிற்சி. நீங்க பேசுறப்ப இழுக்கிறோம், அந்த மூணு செகண்ட் சும்மா இருக்கீங்க பாருங்க, அப்ப விடுறோம். எண்ண வேண்டிய வேலை இல்ல” என்றார். என் கஷ்டம் எனக்கு, அவருக்கு மூச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாங்க் அம்மாவிடம் உரிமம் இல்லை. உரிமம் இல்லாதவர் பதிலைப் பதிவேட்டில் எழுத முடியாது. எழுதவில்லை.

என் பதிவேட்டை நீங்கள் பார்க்க வேண்டும். தேதி எழுதியிருக்கிறேன், நேரம் எழுதியிருக்கிறேன், ‘பேசியவர்’ என்ற கட்டம் நாற்பத்தோரு வரிக்கும் வெள்ளையாக இருக்கிறது. காலையில் எல்லோரையும் பேசவைத்து முடித்த பிறகு நீங்கள் கேட்பீர்கள், “வேறு நிலையம் ஏதாவது உண்டா?” நான் என் அழைப்புக்குறியைச் சொல்வேன். மறுபடி கேட்பீர்கள், “வேறு யாராவது?” நான் சொல்வேன், இன்னும் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. மூன்றாம் முறையும் கேட்பீர்கள். நானும் மூன்றாம் முறை சொல்வேன், ‘யாராவது கேட்கிறீர்களா’ என்றும் சேர்த்து. அப்புறம் ரிசீவரில் உங்கள் குரல் வரும், “வேறு யாரும் இல்லை. நன்றி. நாளை சந்திப்போம்.” நாற்பத்தோரு நாள், என் காதுபட, யாரும் இல்லை என்று சொல்லி முடித்திருக்கிறீர்கள். பல்பு அதற்குள் அணைந்திருக்கும். நான் பல் துலக்கின பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புவேன்.

பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாம். “தம்பி, நீ வேண்டாம்” என்று நாலு வார்த்தை கூட இல்லை, மூன்று. காசில்லாதவனைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு காணாத மாதிரி இருப்பது தெருவில் நடக்கிறது, வங்கியில் நடக்கிறது, மருத்துவமனை வரிசையில் நடக்கிறது. முகம் தெரியாத இடத்திலாவது நடக்காது என்று நினைத்தேன். நம் இதழின் அட்டையிலேயே போட்டிருக்கிறீர்களே, ‘காற்றில் அனைவரும் சமம்’ என்று. அதை நம்பித்தான் சந்தா கட்டினேன்.

சாயங்காலங்கள் எப்படிப் போகின்றன என்று எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு இடம் இல்லை. வருகிறவர் இல்லாததால் பிரச்சினை இல்லை. அக்கா வாரம் ஒரு முறை போன் செய்வாள். “யார்கிட்டயாவது பேசுறியாடா?” என்பாள். “உலகத்தோடயே பேசுறேன்க்கா, வயர்லெஸ் செட்ல” என்பேன். “உலகம் என்ன சொல்லுது?” என்பாள். மூன்று நொடி விடுவேன். அவளுக்கு அது பழகிவிட்டது, வைக்க மாட்டாள். “சாப்பிட்டியா?” என்று அவளே பேச்சை மாற்றுவாள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தை அடுத்த இதழில் ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிடக் கோருகிறேன். தலைவரின் உறுமல் பற்றிய பகுதியைக் குறிப்பாக. தாங்களும், தங்கள் இல்லத்தாரும், டாக்டர் அம்மாவும், எஸ்டேட்காரரும், யாரையும் காணாத கண் பெற்ற தலைவர் அவர்களும் நீண்ட ஆயுளோடும் இடியில்லாத வானத்தோடும் வாழ வேண்டும். வாழ்த்து என்பதற்குப் பதிலாக எழுபத்துமூன்று என்று சொல்லி முடிப்பது நம் வழக்கம். யாரிடமும் இதுவரை சொல்லக் கிடைக்காததால் என்னிடம் எழுபத்துமூன்று நிறையச் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் தாங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வேறு யாரும் இல்லாதவன்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். உறையில் ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். இன்று காலை ஆறு மணிக்கு, மாதக் கடைசியில் இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன்னால் செட்டைப் பிரித்துத் துடைக்கலாம் என்று முதலில் அந்தக் குமிழைக் கழற்றினேன். கட்டிலுக்கு அடியில் ஓடிய அதே குமிழ். ஐயா, அதைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். அம்பு மாடிக் கம்பியைக் காட்டுகிறது, உள்ளே இணைப்பு பல்பில் இருக்கிறது. நாற்பத்தோரு நாளாக நான் பேசியது எல்லாம் மேஜை மேல் எரிந்து தீர்ந்திருக்கிறது. கசிந்தது கீழ்வீட்டு ஸ்பீக்கருக்கு மட்டும்தான். உங்களுக்கு ஓர் எழுத்துகூட வந்திருக்காது. யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. உங்களையும் டாக்டர் அம்மாவையும் எஸ்டேட்காரரையும் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தலைவரின் உறுமல் மட்டும் அப்படியே நிற்கிறது, அதற்கும் குமிழுக்கும் சம்பந்தமில்லை.

குமிழைச் சரியாக மாட்டி ஏழு மணிக்கு வந்தேன். பல்பு எரியவில்லை. மேஜை இருட்டாக இருந்தது. “வேறு யாராவது?” என்றீர்கள். அழைப்புக்குறியைச் சொன்னேன். உடனே பதில் வந்தது. பதிவேட்டை இழுத்துத் திறந்தேன். “புதிய நிலையம், வருக, ஐம்பத்தொன்பது” என்றீர்கள். “ஐயா, நாற்பத்திரண்டு நாளுக்கு முன்னால் ஒரு முறை வந்திருக்கிறேன்” என்றேன். “அப்படியா, மகிழ்ச்சி. வேறு யாராவது?” என்றீர்கள். மொத்தம் பத்தொன்பது நொடி. பதிவேட்டில் ‘பேசியவர்’ கட்டத்தில் உங்கள் அழைப்புக்குறியை எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழே முக்காலுக்குக் கதவைத் தட்டினார்கள். டீச்சர், பாங்க் அம்மா, துண்டும் கையுமாக இன்னும் இரண்டு பேர்.

“உடம்பு சரியில்லையா தம்பி? இன்னிக்கு வரவே இல்லையே” என்றார் டீச்சர்.

“வந்தேனே டீச்சர். இன்னிக்குத்தான் வந்தேன்.”

“எங்க வந்தீங்க? ஏழே காலுக்கு மூச்சை இழுத்துட்டு நிக்கிறோம், நீங்க பேசவே இல்ல. எப்ப விடுறதுன்னு தெரியாம ரெண்டு பேருக்கு இருமல் வந்துடுச்சு.”

பாங்க் அம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். தட்டு, டம்ளர், நாற்காலி. “நாப்பது நாளா ‘இருக்கோம், இருக்கோம்’னு தொண்டை கட்டக் கட்டப் பதில் சொன்னேனே, ஒரு நாளாவது உனக்குக் கேட்டுச்சா?” என்றார்.

“இல்லம்மா. அங்கிருந்து இங்க வராது.”

“அதான் படியேறி வந்தேன். மூட்டு ரெண்டும் போச்சு. நகரு, உட்காரணும்” என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் கட்டிலில். நான் நின்றுகொண்டிருந்தேன், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆசிரியர் ஐயா, கடிதத்தை வெளியிட வேண்டாம். உரிமத்தைத் திருப்பவில்லை. செட்டை விற்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். நாளை முதல் காலைக் கூட்டத்துக்கு நான் கடைசி ஆளாகத்தான் வருவேன், சில நாள் வராமலும் போகலாம், தவறாக நினைக்க வேண்டாம். தங்கள் நாலாவது விதிப்படி, காற்றில் ஏறும் முன் முதலில் பல்பில் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. எனக்குச் சோதனை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஏழரை வரை போகும்.